எரியாத மஞ்சள் விளக்கு

“ஐரின்! கண்ணாடிய எறக்கி உள்பக்கம் தொடச்சா போதும். வண்டிய நகத்திடாத. கேக்குதா? நகத்திடாத!”

குளியலறைக்குள்ளிருந்து லாயிட் போட்ட சத்தம் ஐரினுக்கு மட்டுமா கேட்டது? மர்பி டவுனின் அந்தச் சந்தில் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ‘ஏசுவே’ என்பார்கள். எதிர்வீட்டுப் பெண் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு, காரை ஒரு பார்வை, ஐரினை ஒரு பார்வை பார்த்தாள். பார்வையில் இரக்கம் வழிந்தது. அந்த இரக்கத்தைத்தான் ஐரினால் பொறுக்க முடியவில்லை. திட்டுகிறவளைத் திருப்பித் திட்டலாம். ‘அய்யோ பாவம்’ என்று பார்க்கிறவளை என்ன செய்வது?

வாளியை நங்கென்று தரையில் வைத்துவிட்டு ஐரின் காரின் கதவைத் திறந்தாள். லாயிட் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய வெள்ளைக் கார் அது. வயது இருபதாகிவிட்டது. இந்தக் கோடையில்தான் ஆர்.டி.ஓ.வில் காட்டி மறுபதிவு செய்து, இன்னும் ஐந்து வருஷத்துக்கு ஆயுசு வாங்கியிருந்தான். இப்போது அதை கிளாரன்ஸுக்கு விற்கிறான். கிளாரன்ஸ் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர், பிரேசர் டவுன்காரர். மகள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பழகுவதற்கு ஒரு பழைய வண்டி போதும் என்று கேட்டிருந்தார். காலைச் சாப்பாடு முடிந்ததும் வந்து எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

விற்பதற்கு லாயிட் ஊருக்குச் சொன்ன காரணம் ஒன்றுதான். “வீட்டுல கார் இருந்தா இவ ஓட்டணும்பா. இன்னொரு தடவ யாருக்காவது கை கால் போறதுக்குள்ள தள்ளிவிட்டுடறேன் பா.”

கை போனது லாயிட்டின் அக்கா ஜூலியாவுக்கு. வலது மணிக்கட்டு. ஜூலியா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடி அறையில் தனியாக இருந்தார். கோயிலில் தமிழ்ப் பூசைக்கு ஆர்கன் வாசிப்பவரும், பாடகர் குழுவை மேய்ப்பவரும் அவர்தான். மேய்ப்பது என்றால் சும்மா இல்லை. பயிற்சியில் யாராவது வாய்க்குள்ளேயே முனகினால் உள்ளங்கையால் மேசையில் ஒரு தட்டு தட்டுவார். “பின் வரிசைக்குக் கேக்கல. முதல்ல இருந்து!” ஒரு முறை திருப்பாடலை இழுத்து இழுத்துப் பாடிய ஃபாதருக்கே அந்தத் தட்டு விழுந்ததாகப் பேச்சு உண்டு. அப்படிப்பட்டவருடைய கை இப்போது கட்டுப் பிரித்தும் முழுதாக மடங்க மறுத்தது. கிறிஸ்மஸ் பாட்டுகளுக்குப் பயிற்சி தொடங்கும் நேரம். ஆர்கனில் வேறு யாரோ தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தார்கள்.

ஒயிட்ஃபீல்டில் ஒரு ஞானஸ்நான விருந்து முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள் அன்று. லாயிட் விருந்தில் இரண்டு கிளாஸ் போட்டுவிட்டதால் சாவியை ஐரினிடம் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் சாய்ந்துகொண்டான். ஜூலியா முன்னால் உட்கார்ந்தார். கே.ஆர்.புரம் தொங்கு பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலோடு நெரிசலாக ஊர்ந்துகொண்டிருந்தபோது வண்டி நின்றுபோனது. பின்னால் வந்த தண்ணீர் லாரிக்கு நிற்க இடமில்லை. இடித்த வேகத்தில் ஜூலியாவின் ஊன்றிய கை டாஷ்போர்டில் மடங்கியது. அந்தச் சத்தம் ஐரினுக்கு இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்போது லாயிட் செய்த முதல் காரியம் அக்காவின் கையைப் பார்த்தது அல்ல. கதவைத் திறந்து குதித்து, கூடிவிட்ட கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். “கிளட்ச்ச விட்டுட்டாங்க சார்! லேடீஸ் ட்ரைவிங் சார்!” அதையே கன்னடத்திலும் சொன்னான். லாரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கூட்டம் ஐரினைப் பார்த்தது. அவள் தன் இடது காலைப் பார்த்தாள்.

கிளட்ச்சை விட்டிருந்தால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நிற்கும். குலுக்கவில்லை. கரண்ட் போனதும் மிக்ஸி ஓய்வது மாதிரி, சும்மா அடங்கிப்போனது. இது ஐரினுக்கு அந்த நிமிஷம் நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் ஒருமுறை, வீட்டில் ஒருமுறை, கோயில் வாசலில் ஒவ்வொரு ஞாயிறும் என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, அவளுக்கே அந்தக் காலின் மேல் நம்பிக்கை விட்டுப்போயிற்று. விட்டிருப்பேனோ? அசதியில் கால் நழுவியிருக்குமோ? ராத்திரி படுக்கையில் போர்வைக்குள் இடது காலை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொள்வாள்.

ஜூலியா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கீழேயிருந்து தட்டில் குழம்பு போட்டு அனுப்பினால் தட்டு அப்படியே திரும்பி வரும். முன்பெல்லாம் ஐரினின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பயிற்சிக்குப் போகிறவர், இப்போது ஒற்றைக் கையால் ஆட்டோவைப் பிடித்துத் தொற்றி ஏறினார். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஐரினுக்கு உயிர் போகும். ஒரு சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் மண்டியிட்டு, ‘என் கவனக்குறைவால் ஒருத்தருடைய கை போயிற்று, ஃபாதர்’ என்று அழுதாள். வேண்டுமென்று செய்யாதது பாவமாகாது என்றார் அவர். இல்லை, எனக்குத் தண்டனை கொடுங்கள் என்று அடம்பிடித்து ஒரு ஜெபமாலை ஜெபிக்கும் பரிகாரம் வாங்கிக்கொண்டு வந்து, பீடத்தின் முன்னால் முழங்கால் வலிக்கச் சொல்லி முடித்தாள். லாயிட் பின் பெஞ்சில் உட்கார்ந்து ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தான்.

ஐரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அதைத் தொட்டே நாளாயிற்று. ஜன்னல் கண்ணாடி சுவிட்சில் இறங்குவது. சாவி திரும்பினால்தான் வேலை செய்யும். திருகினாள். டாஷ்போர்டில் விளக்குகள் எரிந்தன.

இந்த இடத்தில் ஐரினின் வேலையைச் சொல்லியாக வேண்டும். தினமும் மெட்ரோவில் ஏறி மெஜஸ்டிக்கில் மாறி பீன்யாவுக்குப் போகிறவள் அவள். வண்டிகளுக்கு வயர்க்கட்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவின் சூப்பர்வைசர். அங்கே ஒரு சட்டம் உண்டு. ஷிஃப்ட் தொடங்குமுன் சோதனைப் பலகையில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். எல்லா விளக்கும் எரிய வேண்டும். ஒன்று எரியாவிட்டாலும் பலகையை மூடிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். எரிகிற விளக்கைப் பற்றிக் கவலைப்படாதே, எரியாத விளக்கைப் பற்றிக் கவலைப்படு என்று புதிதாகச் சேரும் பெண்களிடம் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை காய்ந்திருக்கிறது. விளக்கு வரிசையைப் பார்த்தால் அவள் கண் தானாக எண்ணும்.

இப்போதும் எண்ணியது. பேட்டரி, சிவப்பு. ஆயில், சிவப்பு. கைபிரேக், சிவப்பு. அதற்குப் பக்கத்தில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்திருக்க வேண்டும். சாவி திரும்பியதும் எரிந்து, வண்டி கிளம்பியதும் அணைய வேண்டிய விளக்கு. அது இருட்டாக இருந்தது.

அணைத்து மறுபடி திருகினாள். இல்லை.

பல்பு போயிருக்கும், பழைய வண்டிதானே என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் பீன்யாவில் சம்பளம் வாங்கும் மனம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய் ஸ்க்ரூடிரைவரோடு வந்தாள். மீட்டருக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, மீட்டரை முன்னால் இழுத்து, ஃபோன் வெளிச்சத்தில் பின்பக்கத்தைப் பார்த்தாள். வரிசையாகக் குட்டிப் பல்புகள், ஒவ்வொன்றும் தன் பொந்தில் திருகி உட்கார்ந்திருந்தது. மஞ்சள் விளக்கின் பொந்து மட்டும் காலி. பல்பு ஃப்யூஸ் ஆகவில்லை. பல்பே இல்லை. அதைப் பிடித்திருக்கும் திருகுமுனையும் இல்லை. தானாகக் கழன்று விழுகிற சாமான் அல்ல அது. திருகி எடுத்தால்தான் வரும்.

 ஹெட்லைட்டின் நீல விளக்குக்கு இருந்த பல்பைத் திருகி எடுத்து, காலிப் பொந்தில் மாட்டி, சாவியைத் திருப்பினாள். மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அடுத்துச் செய்ய வேண்டியது அவள் கைக்கே தெரியும். இந்த மாதிரிப் பழைய வண்டிகளுக்கு மாற்று வயர்க்கட்டு அவளுடைய பிரிவில்தான் ஒரு காலத்தில் ஓடியது. ஸ்டீயரிங்குக்குக் கீழே எதனோடும் சேராமல் அநாதையாகத் தொங்கும் ஒரு சின்ன கனெக்டர் இருக்கும். அதில் குறிப்பிட்ட இரண்டு ஓட்டைகளைக் கம்பியால் இணைத்தால், எஞ்சினின் கம்ப்யூட்டர் தனக்கு வந்த சீக்கை அந்த மஞ்சள் விளக்கை மினுக்கி மினுக்கிச் சொல்லும். ஐரின் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, நுனியில் இருந்த பிளாஸ்டிக்கைப் பல்லால் கடித்துத் துப்பி, வளைத்துச் செருகினாள்.

விளக்கு மினுங்கியது. நான்கு முறை. நின்றது. பிறகு இரண்டு முறை. கொஞ்சம் நீளமாக நின்றது. மறுபடி நான்கு, இரண்டு.

நாற்பத்திரண்டு. ஃபோனில் தேடியதும் அந்த மாடலின் பழைய சர்வீஸ் மேனுவலிலிருந்து ஒரு பக்கம் கிடைத்தது. எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் விட்டு விட்டு வேலை செய்கிறது. அதன் சிக்னல் நின்றால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிடும். சூடானால் அதிகம் நிகழும். ஆறியதும் பழையபடி ஓடும்.

ஐரின் தன் இடது காலைப் பார்த்தாள். பாவப்பட்ட கால். செருப்பு வார் தடம் பதிந்து, குதிகால் வெடித்து, ஒரு தப்பும் செய்யாத கால். அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது கோபம்தான். எந்தப் பாவி பல்பைப் பிடுங்கினான்? அந்த விளக்கு எரிந்திருந்தால் அன்று இந்த வண்டியை அவள் தொட்டிருப்பாளா? ஜூலியாவை அதில் ஏற்றியிருப்பாளா?

“ஏங்க! சீக்கிரம் வாங்க! யாரோ நம்மள நல்லா ஏமாத்தியிருக்காங்க!”

‘நம்மை’ என்றுதான் சொன்னாள். பிற்பாடு அந்த ஒரு வார்த்தைக்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

லாயிட் தலை துவட்டிக்கொண்டே வந்தான். ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தான். இழுத்து வைத்த மீட்டரையும் தொங்கும் ஹேர்பின்னையும் மினுங்கும் மஞ்சள் விளக்கையும் பார்த்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குள் போய் ஒரு ஸ்பேனரோடு திரும்பி வந்து பானட்டைத் தூக்கினான்.

“என்ன பண்றீங்க?”

“வயரை எல்லாம் நோண்டி வெச்சிருக்க. ஷார்ட் ஆயிடும். பேட்டரிய கழட்டிட்டா சேஃப்.”

நல்லதுக்குத்தான் சொல்கிறான் என்று ஒரு கணம் அவள் நம்பினாள்கூட. அப்புறம்தான் பொறி தட்டியது. லாயிட் பிரேசர் டவுனில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போடுகிறவன். வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குக்கூட மெக்கானிக் கோவிந்தப்பாவைக் கூப்பிடுகிற மனிதன். அவனுக்கு எந்த ஸ்பேனர் என்று தெரிந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டால் கம்ப்யூட்டரின் ஞாபகம் துடைத்துப்போய்விடும் என்று தெரிந்திருக்கிறது. துடைத்துவிட்டால் அந்த விளக்கு நாற்பத்திரண்டைச் சொல்லாது. எனக்கொன்றும் இல்லை, நான் சௌக்கியம் என்று மினுங்கும்.

ஐரின் இறங்கி ஓடிப்போய் பேட்டரியின் முனைமேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

“கைய எடு ஐரின். ஷாக் அடிக்கும்.”

“பன்னெண்டு வோல்ட்டு. அடிக்காது. இந்தக் கதையெல்லாம் வேற எங்கயாவது சொல்லுங்க.” அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “அது என்ன லைட்டுன்னு நீங்க கேக்கவே இல்லையே?”

“எந்த லைட்டு?”

“உள்ள மினுங்குதே, அந்த லைட்டு. வீட்டுல புதுசா ஒரு லைட்டு மினுங்குனா மனுஷன் என்னன்னு கேப்பான். நீங்க கேக்கல. நேரா ஸ்பேனர எடுத்துட்டு வந்தீங்க.”

லாயிட் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தான். அவசரத்தில் கன்னடம் கலந்தது. “மெதுவா பேசு. சும்னே கத்தாத.”

“கத்துவேன். காலைல குளிக்கிறப்ப கத்துனீங்களே, அப்ப எங்க போச்சு இந்த மெதுவு?”

கிளாரன்ஸின் ஸ்கூட்டர் சரியாக அந்த நேரத்தில் சந்துக்குள் திரும்பியது. முகமெல்லாம் சிரிப்பாக இறங்கினார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடிமணி ஜெபமாலை ஒன்றை எடுத்துக் காட்டினார். “என் பொண்ணு குடுத்துவுட்டா பா. மிரர்ல மாட்டித்தான் ஓட்டிட்டு வரணும்ங்கறா. ஃபாதர்கிட்ட மந்திரிச்சு வாங்கி வெச்சிருக்கா.” அப்புறம்தான் திறந்த பானட்டையும், அதற்கு இரு பக்கமும் நின்ற புருஷன் பெண்டாட்டி முகங்களையும் பார்த்தார். “என்ன, ஏதாவது ப்ராப்ளமா?”

“ஒண்ணுமில்ல கிளாரன்ஸ், சின்ன எலக்ட்ரிகல்…” என்று லாயிட் பல்லைக் காட்டினான்.

“கிளாரன்ஸ் அண்ணா,” என்றாள் ஐரின். “டிரைவர் சீட்ல உக்காருங்க. மஞ்ச லைட்டு ஒண்ணு மினுங்கும். எத்தன தடவன்னு எண்ணிச் சொல்லுங்க.”

கிளாரன்ஸ் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். உதட்டை அசைத்து எண்ணினார். “ஆறு… இல்ல இரு… அஞ்சா?”

“நாலு. நிறுத்தம். ரெண்டு,” என்றது இன்னொரு குரல்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த ஜூலியா, மறுபக்க ஜன்னலில் குனிந்து நின்றிருந்தார். நல்ல கையால் கதவில் தாளம் தட்டிக்கொண்டே மறுபடி எண்ணினார். “நாலு. ரெண்டு. நீள நிறுத்தம். அதேதான் திரும்பி வருது. என்னது இது?” விபத்துக்குப் பிறகு ஐரினிடம் அவர் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

ஐரின் பேட்டரியிலிருந்து கையை எடுக்காமலேயே சொன்னாள். பல்பு இல்லாத பொந்து, ஹேர்பின், நாற்பத்திரண்டு, ஓடும்போதே அணைந்துபோகும் எஞ்சின், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. “இந்த லைட்டு எரியக்கூடாதுன்னு யாரோ பல்ப புடுங்கியிருக்காங்க அக்கா. யாருன்னு உங்க தம்பியக் கேளுங்க.”

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. லாயிட்டின் முகம் சொல்லிவிட்டது. ஸ்பேனரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தான்.

“ஆர்.டி.ஓ.வுக்கு எடுத்துட்டுப் போறப்ப அந்த லைட்டு எரிஞ்சிட்டே இருந்துச்சு. இன்ஸ்பெக்டர் பாத்தா பாஸ் பண்ண மாட்டாரு. கோவிந்தப்பா சென்சார் மாத்தணும்னாரு. பார்ட் வர டைம் ஆகும்னாரு. நான்தான் இப்போதிக்குப் பல்ப எடுத்துடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்னேன். எல்லாரும் பண்றதுதான கிளாரன்ஸ்? கொஞ்சம் அட்ஜஸ்ட் மாடறதுதான?” கிளாரன்ஸ் மினுங்கும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்புறம் மறந்துட்டேன்.”

“மறந்தீங்களா? அதுக்கப்புறம் வண்டி உங்ககிட்ட ஒரு தடவ கூட நிக்கல?”

லாயிட் தரையைப் பார்த்தான். “நிக்கும். சூடானா நிக்கும். ஓரங்கட்டிட்டு ஒரு டீ குடிச்சா திருப்பி ஸ்டார்ட் ஆயிடும்.”

ஜூலியா நிமிர்ந்தார். மடங்காத விரல்களை நல்ல கையால் பிடித்துக்கொண்டார். “அப்ப பாலத்து மேல நின்னுச்சே, அப்ப உனக்குத் தெரியும்.”

“அந்த நேரத்துல அக்கா… பதட்டத்துல வாயில வந்துடுச்சு…”

“சரி. பதட்டம். மறுநாள்?”

லாயிட் துண்டால் ஸ்பேனரைத் துடைத்தான்.

“ஆஸ்பத்திரில என் கட்டில் பக்கத்துல உக்காந்து, இவளுக்கு அறிவே இல்லன்னு சொன்னியே. அது பதட்டமா?”

“அப்புறம் கோயில் வாசல்ல,” என்று ஐரின் வெடித்தாள். “மாதா கெபி பக்கத்துல ஆம்பளைங்க எல்லாம் டீ குடிப்பீங்களே, அங்க என்ன ஜோக்கு சொன்னீங்க? என் பொண்டாட்டிக்கு மூணு பெடலும் ஒண்ணுதான், அக்காவோட ஆர்கன் பெடல்னு நெனச்சு மிதிச்சுட்டான்னு சொல்லல? எல்லாரும் சிரிச்சாங்களே, நானும் பக்கத்துல நின்னு பல்லக் கடிச்சிட்டுச் சிரிச்சனே! ஒரு வாரமா சொன்னீங்க அத? ஒவ்வொரு வாரமும் சொன்னீங்க! செய்யாத தப்புக்கு நான் மண்டி போட்டு அழுதுட்டு வந்தேன். நீ பின்னால உக்காந்து ஃபோன் பாத்துட்டிருந்த!”

‘நீ’ என்று வந்துவிட்டது. அவள் திருத்திக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுப் பெண் துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். நிற்கட்டும் என்று ஐரின் நினைத்தாள். நன்றாகக் கேட்கட்டும்.

கிளாரன்ஸ் காரிலிருந்து இறங்கினார். ஜெபமாலையைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவருக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. ஏதோ புளித்ததைத் தின்றவர் மாதிரி இருந்தார்.

“என் பொண்ணு இன்னும் எல் போர்டு, லாயிட்,” என்றார். “பாலத்து மேல நின்னிருந்தா அவளையும் இப்படித்தான் சொல்லியிருப்போம் இல்ல? நானே சொல்லியிருப்பேன்.” ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

 மஞ்சள் விளக்கு தன்பாட்டுக்கு நான்கும் இரண்டுமாக மினுங்கிக்கொண்டிருந்தது. ஐரின் போய் சாவியைத் திருப்பி விளக்கை அணைத்து, ஹேர்பின்னை உருவி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

லாயிட் குரலைத் தணித்தான். “சரி. தப்புதான். ஒத்துக்கறேன். அக்காகிட்டயும் சொல்லியாச்சு. இதோட விடு. வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும்.”

“வீட்டோட நீ வெச்சியா?” ஐரின் அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கினாள். “என் மானத்த டீ கப்புல ஊத்தி ஊருக்கெல்லாம் குடுத்தியே, அப்ப வீடு எங்க இருந்துச்சு? நாளைக்குப் பூசை முடிஞ்சதும் அதே கெபி. அதே ஆளுங்க. எங்க நின்னு சிரிச்சியோ அங்க நின்னு சொல்லு.”

“எல்லார் முன்னாடியுமா? வெளயாடறியா?”

“சொல்லலன்னா நான் சொல்லுவேன். மைக் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

லாயிட் துணைக்கு ஆள் தேடுகிறவனாக அக்காவைத் திரும்பிப் பார்த்தான். ஜூலியா அவனைப் பார்க்கவே இல்லை. ஐரினின் பக்கம் ஓர் அடி வந்தார். “ஐரின், நான் உன்ன…”

“வேணாம் அக்கா.” ஐரின் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். “இப்ப நீங்க ஏதாவது சொன்னீங்கன்னா உங்களையும் திட்டிடுவேன். கல்யாணமாகி வந்ததுலேர்ந்து என்னை உங்களுக்குத் தெரியும். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, என்னடி ஆச்சுன்னு என்னக் கேட்டீங்களா? குழம்புத் தட்டத் திருப்பி அனுப்புனீங்க.”

ஜூலியா தலை குனிந்தார்.  அன்று மத்தியானம் அவரே கீழே இறங்கி வந்து, தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இடது கையால் சிந்திச் சிந்திச் சாப்பிட்டார். ஐரின் பரிமாறினாள்.  லாயிட் அன்று முழுதும் வீட்டுக்குள் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தான்.

ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு ஜூலியா ஐரினின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துதான் போனார். சந்து முழுக்கப் பார்த்தது. லாயிட் நடந்து வந்தான்.

பூசை முடிந்து, வழக்கம்போல ஆண்கள் மாதா சிலை நிற்கும் கெபிக்குப் பக்கத்தில் டீ கப்போடு கூடினார்கள். பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். கிளாரன்ஸும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். யாரோ ஒருவர் லாயிட்டின் முதுகில் தட்டினார். “என்னப்பா, வண்டிய வித்துட்டியா? பொண்டாட்டிகிட்டேருந்து ஊரக் காப்பாத்திட்ட போ!” நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஐரின் கூட்டத்துக்குள் நடந்து போய் லாயிட்டுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஜூலியா அவள் பக்கத்தில் வந்து நின்றார். பெண்கள் அவர்களுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். லாயிட் டீ கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“அது… அன்னிக்கு வண்டி நின்னுச்சு இல்ல,” என்று ஆரம்பித்தான். சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசினான். “அது ஐரின் மேல தப்பில்ல. வண்டில ஒரு கோளாறு இருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரியக்கூடாதுன்னு பல்ப நான்தான் எடுக்கச் சொன்னேன். தெரிஞ்சும் அவ மேல சொன்னேன்.” கடைசி வார்த்தைகள் உதட்டைத் தாண்டவில்லை.

முன்னால் நின்றவர்கள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் கப்பை மெல்லக் கீழே வைத்தார். பின்னால் நின்றவர்கள், “என்னவாம்? என்ன சொல்றான்?” என்று கழுத்தை நீட்டினார்கள்.

அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று லாயிட் பெருமூச்சு விட்டு நகரப் பார்த்தான்.

கெபியின் கம்பி வேலியில் பட்டென்று ஒரு தட்டு விழுந்தது. ஜூலியா நல்ல கையால் தட்டியிருந்தார். இருந்தவர்கள் எல்லாரும், பாடுகிறவர்களும் பாடாதவர்களும், பழக்க தோஷத்தில் நிமிர்ந்து நின்றார்கள்.

“பின் வரிசைக்குக் கேக்கல,” என்றார் ஜூலியா. “முதல்ல இருந்து.”